பயிற்சியில் ‘ஃபெயில்’ ஆன நாய்: தத்தெடுக்கும் முன் என்ன கேட்க வேண்டும்?

போலீஸ் வேலைக்கு எடுத்த நாய், முன்பின் தெரியாதவரிடமும் வாலாட்டிக்கொண்டு போனால்? ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் ‘கேவெல்’ என்ற ஜெர்மன் ஷெப்பர்ட் அப்படித்தான் பயிற்சியிலிருந்து வெளியே வந்தது. 2017-ல் அதற்கு ஆளுநர் மாளிகையில் விருந்தினரை வரவேற்கும் வேலை கிடைத்தது! அதே ஆண்டு அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவில், வெடிகுண்டு மோப்பத்தில் ஆர்வம் போய்விட்ட ‘லூலூ’ என்ற லேப்ரடாரை அதன் பயிற்சியாளரே வீட்டுக்கு அழைத்துக்கொண்டார்.

‘ஃபெயில்’ என்றால் மோசமான நாயா?

இல்லை. அதிக நட்பு, சத்தத்துக்குப் பயம், இடுப்பு மூட்டுக் கோளாறு, வேலையில் ஆர்வமின்மை எனக் காரணங்கள் பல. எந்தக் காரணம் என்பதுதான் உங்கள் வீட்டுக்கு முக்கியம்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடும் ஒரு வீட்டை யோசித்துப் பாருங்கள். சத்தத்துக்குப் பயந்து வெளியேறிய நாய்க்கு நாள் முழுக்கக் கேட்கும் தறிச் சத்தம் தண்டனை. துறுதுறு நாயோ, தெருவில் நீட்டியிருக்கும் பாவுக்குள் ஒரு ஓட்டம் ஓடினால் போதும், பல நாள் உழைப்பு போச்சு. யாரைக் கண்டாலும் ஒட்டிக்கொள்ளும், அமைதியான நாய் என்றால் அங்கே பிரச்சினை குறைவு. ஆனாலும் பட்டில் ரோமம் ஒட்டாமலிருக்க, அதற்குத் தறியிலிருந்து தள்ளி ஒரு இடம் வேண்டும்.

எங்கே கிடைக்கும்?

அமெரிக்காவில் விமான நிலையப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்ஏ, தேறாத நாய்களைப் பொதுமக்களுக்குத் தத்துக் கொடுக்கிறது. வேலி போட்ட தோட்டம் வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. இந்த நாய்கள் ரொம்பத் துடிப்பானவை, வீட்டுப் பழக்கம் இல்லாமலும் இருக்கலாம் என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள்.

இந்தியாவில் ராணுவத்துக்கு மீரட், எல்லைப் பாதுகாப்புப் படைக்கு தேகன்பூர், சிஆர்பிஎஃப்புக்கு பெங்களூரு அருகே தரளு என நாய்ப் பயிற்சி மையங்கள் உண்டு. ஓய்வுபெற்ற நாய்கள் தத்துக்கு வந்த உதாரணமும் இருக்கிறது. 2019 நவம்பரில், டெல்லி மெட்ரோ பாதுகாப்பில் இருந்த 7 நாய்களுக்கு சிஐஎஸ்எஃப் பிரிவு உபசார விழா நடத்தி, தொண்டு நிறுவனம் வழியாகத் தத்துக்கு அனுப்பியது. எனவே, ‘போலீஸ் டிரெயினிங் எடுத்த நாய்’ என்று யாராவது விலை பேசினால், அந்தப் படை கொடுத்த ஆவணத்தைக் கேளுங்கள்.

கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. பயிற்சியிலிருந்து ஏன் விலக்கினார்கள்?
2. குழந்தைகள், தெரு நாய்களிடம் எப்படி நடந்துகொள்ளும்?
3. மருத்துவக் குறிப்பு, ரேபிஸ் தடுப்பூசிப் பதிவு இருக்கிறதா?
4. தினமும் காலை, மாலை அதை ஓடவிட வீட்டில் யாருக்கு நேரம் இருக்கிறது?

நான்காவது கேள்விக்கு ஒரு ஆளின் பெயரைச் சொல்ல முடியவில்லை என்றால், இப்போதைக்கு வேண்டாம். வேலைக்காக வளர்த்த நாய் சும்மா கட்டிக்கிடந்தால், கடிப்பதும் குரைப்பதுமாகத்தான் பொழுதைக் கழிக்கும்.