ஃபார்மட் அடிப்பதற்கு முன்

கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோனால் பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். வயர்களைப் பிடுங்கி, சிபியூவை ஆட்டோவில் ஏற்றி, பக்கத்துக் கடையில் இறக்கிவிட்டு வருவோம். "ஃபார்மட் அடிக்கணும்" என்பார் கடைக்காரர். "சரி, அடிச்சிடுங்க" என்போம். அந்தச் "சரி"யோடு பழுதின் தடயம் அழிகிறது. பிள்ளைகளின் படங்களும் பத்திரங்களின் நகல்களும் போகின்றன. வாரண்டியில் கேட்பதற்கான பிடிமானமும் தளர்ந்துவிடுகிறது. பழுது ஹார்டுவேரில் இருந்தால், அது மட்டும் அப்படியே இருக்கும்.

கொச்சியின் மட்டாஞ்சேரியில் இருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் காயல், சற்றே தள்ளிக் கடல். காற்றோடு வரும் நுண்ணிய உப்பு சிபியூவுக்குள் படிகிறது. உப்புக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. மழைக்காலத்தில் அது மதர்போர்டின் மேல் மின்சாரம் கசியும் மெல்லிய படலமாகிவிடும். பஜார் பக்கத்துப் பழைய வீடுகளில் இருக்கும் ஒரு சிபியூவைத் திறந்து ரேமை வெளியே எடுத்துப் பாருங்கள். கீழ்விளிம்பில் வரிசையாக இருக்கும் பொன்னிறப் பட்டைகள் மங்கி, ஓரங்களில் பச்சை பூத்திருக்கும். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் ரப்பரால் அந்தப் பட்டைகளை மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்து, 'கிளிக்' என்று சத்தம் வரும்படி திரும்பப் பொருத்தினால், ஃபார்மட் தேவை என்று சொல்லப்பட்ட பல கம்ப்யூட்டர்கள் ஒழுங்காக ஓடத் தொடங்கிவிடும். வாரண்டியில் இருக்கும் கம்ப்யூட்டரை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். வாரண்டி முடிந்திருந்தாலும் எஸ்எம்பிஎஸ் எனப்படும் பவர் சப்ளை பெட்டியைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆளைத் தூக்கி அடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.

வேலியேற்றத்தில், அதாவது ஓதம் ஏறும்போது, தரைத்தளத்துக்குள் உப்புநீர் ஏறும் வீடுகள் இங்கே உண்டு. சிபியூவைத் தரையில் வைக்காதீர்கள். தண்ணீர் தொட்டுவிட்டால், காய்ந்ததா என்று பார்ப்பதற்காகக்கூட சுவிட்ச் போடக் கூடாது. துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) மாதங்களில் பிற்பகல் இடி தொடங்கும்போது பிளக்கோடு இன்டர்நெட் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள். மின்னல் அந்த வழியாகவும் உள்ளே வரும்.

கம்ப்யூட்டர் எப்போது நிற்கிறது என்பதைக் கவனித்து எழுதிவைப்பதுதான் முதல் வேலை. இருபது நிமிடம் ஓடியபின் நின்றால் சூட்டைச் சந்தேகிக்கலாம்: விசிறியில் தூசு அடைத்திருக்கும், அல்லது பிராசசர் மேல் தடவிய பேஸ்ட் காய்ந்திருக்கும். வோல்டேஜ் தாழும்போது, பக்கத்தில் மோட்டார் ஓடும்போது நின்றால் எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ், எர்த்திங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழைப் பெயரோடு நீலத் திரை வந்தால் (புதிய விண்டோஸ் 11-இல் அது கறுப்புத் திரை) ரேம் மேல் சந்தேகம் வரவேண்டும். ஃபைல் திறக்கத் திணறி, உள்ளிருந்து டிக் டிக் என்ற சத்தமும் வந்தால் ஹார்ட் டிஸ்க் சாகப்போகிறது என்று பொருள். வேறெதையும் தொடாமல் முதலில் ஃபைல்களை வெளியே எடுங்கள். அப்டேட் ஆன மறுநாளே தொடங்கிய பழுது என்றால் அனேகமாக டிரைவர் கோளாறு. விண்டோஸ் தன் பதிவேட்டில் ஒவ்வொரு நிறுத்தத்தையும் குறித்துவைக்கிறது. 41 என்ற நிகழ்வு எண் இருந்தால், முறையாக மூடாமலே கம்ப்யூட்டர் அணைந்திருக்கிறது என்று அர்த்தம். காரணத்தை அது சொல்லாது. ஆனால் தேதியும் நேரமும் அதில் இருக்கும். அதைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தப் படத்தின் மதிப்பு பின்னால் தெரியும்.

கோளாறு சாஃப்ட்வேரிலா ஹார்டுவேரிலா என்று பிரித்துப் பார்க்கக் கேரளத்தில் நல்ல வசதி ஒன்று இருக்கிறது. இங்கே மாநிலப் பாடத்திட்டப் பள்ளிப் பிள்ளைகள் மாநில அரசின் கைட் நிறுவனம் தரும், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் பாடம் படிக்கிறார்கள். உபுண்டுவை ஒரு பென்டிரைவில் ஏற்றி, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் அதிலிருந்தே கம்ப்யூட்டரை ஓட்டலாம். இரண்டு மணி நேரம் நிற்காமல் ஓடினால் கோளாறு விண்டோஸிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ இருக்க வாய்ப்பு அதிகம். அதிலும் நின்றுபோனால், எத்தனை முறை ஃபார்மட் அடித்தாலும் பயனில்லை. இந்தச் சோதனைக்கு ஒரு பென்டிரைவைத் தவிர வேறு செலவில்லை. வீட்டில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பிள்ளை இருந்தால் உங்களைவிட வேகமாகச் செய்து காட்டும்.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. இது மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்கு. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். நிறுவனங்களின் கம்ப்யூட்டர்கள்தான் அதில் மாட்டின. ஆனாலும் வீட்டுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு விஷயங்கள் அதில் இருக்கின்றன. ஒன்று, பழுதான ஒரே ஒரு ஃபைலை நீக்கியதும் கம்ப்யூட்டர்கள் எழுந்தன. அதற்கு ஃபார்மட் தேவைப்படவில்லை. இன்னொன்று, டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் இருந்த இடங்களில் 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் உள்ளேயே போக முடியவில்லை. இப்போது விற்கும் பல லேப்டாப்களில் அந்தப் பூட்டு தானாகவே விழுந்திருக்கிறது. மதர்போர்டை மாற்றினால் திரை அந்தச் சாவியைக் கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய், சர்வீஸுக்குக் கொடுப்பதற்கு முன்பே அதைக் காகிதத்தில் எழுதி வைத்துவிடுங்கள்.

டெஸ்க்டாப் என்றால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டே சிபியூவைக் கொடுக்கலாம். ரேம், எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு ஆகியவற்றைச் சோதிக்க உங்கள் டிஸ்க் யாருக்கும் தேவையில்லை. லேப்டாப்பில் அது எளிதல்ல. ஆதார், வங்கி விவரம், குடும்பப் படங்கள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவைத்துவிட்டு, தனியாக ஒரு பயனர் கணக்கைத் தொடங்கி அதன் பாஸ்வேர்டை மட்டும் கொடுங்கள். பழுதுபார்க்கிறவர் உங்கள் அனுமதியில்லாமல், நேர்மையற்ற நோக்கத்தோடு ஃபைல்களை நகலெடுத்தால் அது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66-ஆம் பிரிவில் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெண்களின் படங்கள் கசிந்துவிடுமோ என்று அஞ்சிப் பழுதைச் சகித்துக்கொள்ளும் வீடுகள் உண்டு. அந்த வீட்டார் இந்தப் பிரிவைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கம்ப்யூட்டரை ஒப்படைக்கும்போது ஜாப் ஷீட் வாங்காமல் திரும்பாதீர்கள். மாடல், சீரியல் எண், ரேம் எத்தனை ஜிபி, நீங்கள் சொன்ன பழுது, டேட்டாவை அழிக்கக் கூடாது என்ற நிபந்தனை எல்லாம் அதில் இருக்க வேண்டும். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். விண்டோஸ் போட்டுக் கொடுத்தால் லைசென்ஸ் எங்கே என்றும் கேளுங்கள். திருட்டு விண்டோஸை ஓடவைக்கும் கருவிகளே பல நேரம் வைரஸைக் கொண்டுவருகின்றன.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் கண்டு அடங்கிப்போக வேண்டாம். அப்படி எழுதிவைப்பதே சட்டவிரோதம் என்று எர்ணாகுளம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் சொல்லியிருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, பில்லில் குறித்த காலத்துக்குள், எதுவும் குறிக்காவிட்டால் முப்பது நாளுக்குள், பழுதான பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும், நம்பிக்கையில் கொடுத்த சொந்தத் தகவலை வெளியே விடுவதும் அதே பட்டியலில் வருகின்றன. சர்வீஸ் சென்டரில் "உள்ளே தண்ணீர் பட்டிருக்கிறது, வாரண்டி கிடையாது" என்று வாயால் சொல்லி அனுப்பினால் ஏற்காதீர்கள். எந்தப் பாகத்தில், எங்கே என்று படத்தோடு எழுதித் தரச் சொல்லுங்கள். உப்புக்காற்றில் பூத்த துருவும் தண்ணீர் கொட்டியதும் ஒன்றல்ல. இந்த ஊரில் அந்த வேறுபாட்டுக்காக வாதாடித்தான் ஆக வேண்டும்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். தீராவிட்டால் எழுத்தில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். வாங்கியது பெங்களூரிலோ ஆன்லைனிலோ ஆனாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட இந்தச் சட்டம் இடம் தருகிறது. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை. இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. சோதித்துத்தான் பழுதைக் கண்டுபிடிக்க முடியும் என்றால், ஆணையமே பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். நீலத் திரையின் படங்கள், நின்ற தேதிகள், ஜாப் ஷீட்டுகள் ஆகியவை கைகொடுப்பது இங்கேதான். பில்லையும் வாங்கிய அன்றே படம் பிடித்துவிடுங்கள். மழைக்கால ஈரத்தில் அந்தக் காகிதம் சீக்கிரம் வெளுத்துவிடும்.

லைனில் நியூட்ரல் அறுந்து, தெருவில் பல வீடுகளில் ஒரே நேரத்தில் சாதனங்கள் எரிந்தால் அது உங்கள் கம்ப்யூட்டரின் குற்றமல்ல. அன்றே மின்வாரியமான கேஎஸ்இபியின் 1912-இல் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். செக்ஷன் ஆபீஸிலும் எழுதிக் கொடுங்கள். மலையாளம் எழுத வராவிட்டால் இங்கே படிக்கும் பிள்ளை எழுதித் தரும். பாதிக்கப்பட்ட அண்டை வீட்டாரின் கையெழுத்தும் அதில் இருக்கட்டும். அங்கே பதில் இல்லையென்றால் மின் நுகர்வோருக்கான குறைதீர் மன்றம் இருக்கிறது.

கம்ப்யூட்டர் நின்று பதறும் நேரத்தில்தான் மோசடிக்காரர்களிடமும் மாட்டுகிறோம். திரை முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை, அபாயச் சத்தம், "மைக்ரோசாஃப்டை அழையுங்கள்" என்று ஒரு எண். உண்மையான நீலத் திரையில் போன் எண் இருக்காது. அழைத்தால் எனிடெஸ்க் போன்ற ஆப்பைப் போடச் சொல்லிக் கணக்கைக் காலிசெய்வார்கள். இத்தகைய போலி உதவி மையங்களைக் குறிவைத்து, அமேசானும் மைக்ரோசாஃப்டும் கொடுத்த புகார்களின் பேரில் 2023 அக்டோபரில் சிபிஐ நாடெங்கும் சோதனை நடத்தியது. பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறுவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. வெட்கப்பட்டு மறைப்பவர்கள் அந்த வாய்ப்பை இழக்கிறார்கள்.

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அதைக் காட்டிப் புதிய கம்ப்யூட்டர் வாங்கச் சொல்வார்கள். ரேமும் டிஸ்க்கும் நன்றாக இருந்தால் லினக்ஸ் போட்டு இன்னும் சில ஆண்டு ஓட்டலாம். பிள்ளைகளுக்கு அது பழகியதுதான். உண்மையிலேயே ஆயுள் முடிந்ததென்றால் குப்பையில் போடாமல், வீடுகளில் கழிவு சேகரிக்கும் ஹரித கர்ம சேனாவிடம் மின்னணுக் கழிவாகக் கொடுங்கள். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் முன்பே கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.