பழைய வண்டிக்குப் புதிய குழாய்

காரைக்குடியில் எங்கள் தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை விடிவதே ஒரு சப்தத்தோடுதான். அடுத்த வீட்டு முகப்பில் நிற்கும் பழைய புல்லட் மோட்டார் சைக்கிளை, அவ்வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் உதைத்துக் கிளப்புவார். ஐந்து நிமிஷ காலம் அது நின்ற இடத்திலேயே 'டப், டப்' என்று பேசிவிட்டு அடங்கும். இரண்டு வருஷமாக இவ்வழக்கம் தவறியதில்லை. சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிறன்று, 'டப், டப்' என்பதற்குப் பதிலாகப் பீரங்கி வெடித்தாற்போல் ஒரு முழக்கம் எழுந்தது. எதிர்வீட்டு வேப்பமரத்துக் காகங்கள் அத்தனையும் கலைந்து பறந்தன. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓடிச்சென்று பார்த்தேன். ஸைலன்ஸரின் அடிப்புறம் உள்ளங்கை அகலத்துக்குத் துருப்பிடித்து உதிர்ந்து தரையில் கிடந்தது. மேற்புறமோ முகம் பார்க்கலாம் போல் பளபளவென்று இருந்தது!

வண்டிக்கு உடையவர் காலமாகி இரண்டு வருஷமாகிறது. "வண்டி சும்மா நின்றால் கெட்டுப் போகுமே, ஸார்?" என்று அவருடைய மனைவியாராகிய ஆச்சி அப்போது என்னைக் கேட்டார். "வாரம் ஒரு முறை ஐந்து நிமிஷம் ஓடவிட்டால் போதும், ஆச்சி" என்று யோசனை கூறியவன் அடியேன்தான். பள்ளிக்கூடத்தில் ரசாயனம் கற்பிக்கிறவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவரும் நம்பினார். அந்த யோசனைதான் ஸைலன்ஸரைத் தின்றது என்பதை நான் அறிந்துகொண்டது அந்த ஞாயிறன்றுதான்.

இந்த வண்டியின் பூர்வோத்தரத்தைச் சற்றுச் சொல்ல வேண்டும். புல்லட் என்பது இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியாரின் படைப்பு. நம் தேசம் விடுதலை அடைந்த பிறகு எல்லைப்புறக் காவலுக்கு நமது ராணுவத்தார் இதனைத் தேர்ந்தெடுத்தார்கள். 1955-ல் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் அந்த ஆங்கிலக் கம்பெனியுடன் கூடி என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கிற்று. ஆரம்பத்தில் உறுப்புக்களைக் கப்பலில் தருவித்துப் பூட்டினார்கள். சில வருஷங்களுக்குள் திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலேயே முழு வண்டியும் உருவாகத் தொடங்கியது. 1970-ஐ ஒட்டி இங்கிலாந்தில் அக்கம்பெனி தொழிலை நிறுத்திவிட்டது. 1977-லோ திருவொற்றியூர் வண்டி இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று! கற்றுக்கொடுத்தவர் கடையைக் கட்டிய பின்பும் கற்றுக்கொண்டவர் தொழிலைக் காப்பாற்றினார்கள் என்பது நாம் பெருமைப்படத்தக்க விஷயம். அடுத்த வீட்டு வண்டி 1968-ஆம் வருஷத்தது. 346 கன சென்டிமீட்டர் அளவுள்ள ஒற்றை ஸிலிண்டர் வண்டி.

இனி, துருவின் கதைக்கு வருவோம். பெட்ரோலில் கார்பனும் ஹைட்ரஜனும் இருக்கின்றன. அது எரியும்போது கார்பன் கரியமில வாயுவாகிறது. ஹைட்ரஜன் பிராணவாயுவுடன் கூடித் தண்ணீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது என்றால் பலர் நம்பமாட்டார்கள். வண்டி நெடுந்தூரம் ஓடும்போது குழாய் முழுவதும் நன்றாகக் காய்ந்திருப்பதால் இத்தண்ணீர் ஆவியாகவே வெளியேறிவிடும். ஐந்து நிமிஷம் நின்றபடி ஓடினாலோ, எஞ்சினை ஒட்டிய குழாய் சுடுமே தவிர, பின்னாலுள்ள ஸைலன்ஸர் போதிய சூடு ஏறாது. ஆவி அங்கே குளிர்ந்து நீராகத் தங்கும். எரிந்த புகையிலுள்ள வேறு வாயுக்கள் அந்நீரில் கரைந்து அதை மெல்லிய அமிலமாக்கும். புகைக்கரி அதனைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அப்புறம் ஒரு வாரம் அது இரும்பை அரித்துக்கொண்டே இருக்கும். மேலே நிக்கலும் குரோமியமும் பூசியிருக்கிறார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. இந்தச் சமன்பாட்டை வருஷந்தோறும் கரும்பலகையில் எழுதுகிற நான், அதை அடுத்த வீட்டு முகப்பில் காணத் தவறிவிட்டேன்.

இதில் எனக்கு வெட்கம் இருமடங்கு. துருவையும் உலோகப் பூச்சையும் ஆராய்வதற்கென்றே ஏற்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளித்தார். 1948 ஜூலை 25-ல் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு இந்த யோசனையைச் சொன்னேன்!

செக்காலைப் பக்கத்து மெக்கானிக் ஒருவரை அழைத்துவந்தேன். ஸைலன்ஸரைப் பற்றவைத்து ஒட்டுப் போட முடியுமா என்று கேட்டதற்கு, அவர் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். இன்னொரு துண்டு உதிர்ந்தது. "பத்த வைக்க இரும்பு எங்கே இருக்கு, ஸார்? கருப்பட்டி மாதிரியில்ல உதிருது!" என்றார். 'பெண்ட் பைப்' என்று அவர்கள் சொல்லும் முன்குழாயின் நுனியும் காகிதம் போல் மெலிந்திருந்தது. ஆகவே இரண்டையும் மாற்றுவது என்று முடிவாயிற்று.

அடுத்த வாரம் ஆச்சியின் பேரன் சென்னையிலிருந்து வந்தான். என் பழைய மாணவன். கையில் ஒரு நீண்ட பெட்டி. அதற்குள் தடுப்பு அதிகமில்லாத, இடிபோல் முழங்கும் குழாய் ஒன்று இருந்தது. "புல்லட் என்றால் சத்தம் வேண்டாமா, ஸார்?" என்றான்.

நான் அவனுக்கு இரண்டு விஷயங்களைச் சொன்னேன். முதலாவது, எஞ்சினின் நலம். இந்தப் பழைய கார்புரேட்டர் பழைய குழாய்க்குத் தக்கபடி அமைந்தது. தடையற்ற குழாயைப் பூட்டினால் காற்று மிகுந்து பெட்ரோல் குறையும். கலவை மெலிந்தால் எஞ்சின் மிதமிஞ்சிச் சூடேறும். ஆகையால் 'ஜெட்'டையும் மாற்றியாக வேண்டும். இரண்டாவது, சட்டம். 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-வது விதி, கூடியமட்டும் சப்தத்தைக் குறைக்கும் ஸைலன்ஸர் எல்லா வண்டிக்கும் வேண்டும் என்கிறது. சப்த விதிகளை மீறுவோருக்கு முதல் குற்றத்துக்கே 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் விதிக்க 2019-ல் திருத்தப்பட்ட சட்டம் இடந்தருகிறது.

இரண்டுக்கும் பையன் அசைந்து கொடுக்கவில்லை. அப்போது இரண்டாம் கட்டிலிருந்து ஆச்சி மெதுவாக வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்பு, உங்க ஐயா வண்டி தெருமுனை திரும்பறப்பவே எனக்குத் தெரியும். சத்தம் கேட்டதும் இங்கே இலை போட்டிருவேன். அம்பது வருசம் அந்தச் சத்தம்தான். இப்ப நீ மாட்டப்போறது அவுக வண்டிச் சத்தமா இருக்குமா?" என்று கேட்டார்.

"இருக்காது, அப்பத்தா" என்றான் பேரன். பெட்டியை மூடிவிட்டான்.

அந்தக் காலத்து அமைப்பிலேயே ஒரு ஸைலன்ஸரும் குழாயும் வரவழைத்தோம். பழைய வண்டி வைத்திருப்போருக்கு உபயோகப்படலாம் என்பதால் வேலை நடந்த முறையைச் சொல்கிறேன். முதல் நாள் மாலையிலேயே நட்டுகளுக்கெல்லாம் எண்ணெய் விட்டு ஊறவைத்தார் மெக்கானிக். ஊறாத நட்டை முறுக்கினால் போல்ட்டே முறிந்துவிடும். மறுநாள் எஞ்சின் குளிர்ந்திருக்கையில் ஸைலன்ஸரை முதலில் கழற்றி, முன்குழாயை மரச் சுத்தியால் தட்டித் தட்டி வெளியே எடுத்தார். புகை வெளிவரும் வால்வு மூடியிருக்கும்படி எஞ்சினைத் திருப்பி வைத்துக்கொண்டு, வாயில் படிந்த கரியைச் சுரண்டினார். பிறகு எல்லாவற்றையும் தளர்வாகவே பூட்டி, ஒன்றோடொன்று இயல்பாய்ப் பொருந்துகிறதா என்று பார்த்தபின், எஞ்சின் பக்கமிருந்து தொடங்கிப் பின்னோக்கி ஒவ்வொன்றாக முறுக்கினார். வலிந்து இழுத்துப் பூட்டினால் அதிர்ச்சியில் பிடிப்புகள் விரிசல் காணுமாம். கடைசியாகக் குழாய் முழுவதையும் சுத்தமான துணியால் துடைத்தார். விரல் ரேகை பட்ட இடம் முதல் சூட்டிலேயே கறையாகிவிடுமாம்.

வண்டியைத் தெருவுக்குத் தள்ளிவந்துதான் கிளப்பினோம். மூடிய அறையில் எஞ்சினை ஓட்டுவது பிராணாபாயம். கார்பன் மோனாக்ஸைடு நிறமும் மணமும் இல்லாத விஷவாயு. மெக்கானிக் இணைப்புகளின் அருகே கையை நீட்டிக் கசிவு பார்த்தார். அங்கே கசிவிருந்தால், வேகத்தைக் குறைக்கும்போதெல்லாம் வெளிக்காற்று உட்புகுந்து குழாய்க்குள் பட்டாசு வெடிக்கும். கசிவு ஏதுமில்லை. 'டப், டப்' என்று பழைய சப்தம் வந்தது.

பேரன் வண்டியில் ஏறித் தெருவைத் தாண்டிப் போனான். முக்கால் மணி நேரம் கழித்துத் தெருமுனையில் சப்தம் கேட்டது. முகப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்த நான் திரும்பிப் பார்த்தேன். உள்ளே, "இலையைப் போடு" என்று ஆச்சி யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது.

ஐந்து நிமிஷ வழக்கம் அன்றோடு நின்றது. பேரன் ஊரில் இல்லாத ஞாயிறுகளில் வண்டியைக் குன்றக்குடி வரை ஓட்டிப்போய் வருவது இப்போது என் பொறுப்பு. போக வர ஏறத்தாழ 20 கிலோமீட்டர். குழாய் கடைசி நுனி வரை நன்றாகக் காய்ந்துவிடுகிறது. வலக்காலால் கியர் மாற்றும் வித்தையை நாற்பது வயதுக்குமேல் கற்றுக்கொள்வது சுலபமல்ல. தவறான யோசனை கூறியவனுக்கு அதுவே தக்க தண்டனை என்று ஆச்சி சிரிக்கிறார்.