பாட்டுகளுக்கு நடுவே ஒரு குறும்பு நாடகம்

ஆண்டு விழா நெருங்கிவிட்டால் நம் வகுப்பறைகளில் எழும் முதற் கேள்வி, "இந்த வருடம் ஸ்கிட் யார் போடுகிறீர்கள்?" என்பதுதான். இரண்டு நடனங்களுக்கு நடுவே, ஆடுகிறவர்கள் உடை மாற்றிக்கொள்ள நேரம் வேண்டும். அந்த இடைவெளியில் நான்கு மாணவியர் திரைக்கு முன்னால் வந்து நின்று ஐந்து நிமிடம் சிரிக்கவைத்துவிட்டுப் போய்விடுவார்கள். வீடு திரும்பும் பெற்றோர் நடனத்தை மறந்தாலும் அந்த ஐந்து நிமிடத்தை மறப்பதில்லை. இதே வேலையைச் செய்யும் குறுநாடகங்கள் அமெரிக்காவின் ஹிப்-ஹாப் இசைத்தொகுப்புகளிலும் உண்டு. பெயரும் அதேதான், ஸ்கிட்.

ஹிப்-ஹாப் என்றதுமே பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அதில் நியாயமும் இருக்கிறது. அந்தத் தொகுப்புகளில் காதால் கேட்கத் தகாத பேச்சு ஏராளம். ஸ்கிட்களிலும் பல அந்த ரகமே. அவற்றை ஒதுக்கிவிட்டு, எஞ்சி நிற்கும் நல்லவற்றைப் பார்ப்போம்.

ஹிப்-ஹாப் பிறந்த கதையே மாணவியருக்குப் பிடிக்கும். 1973 ஆகஸ்ட் 11 அன்று, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் தாங்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையில் ஒரு நடன விருந்துக்கு ஏற்பாடு செய்தாள். பள்ளி திறப்பதற்குள் புது உடை வாங்கப் பணம் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் அவளுடைய நோக்கம்! நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். இசைத்தட்டுகளைச் சுழற்றியவர் அவளுடைய அண்ணன் கூல் ஹெர்க். அந்த இரவையே ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாக இன்றும் கொண்டாடுகிறார்கள்.

அங்கே வளர்ந்த ராப் பாட்டில் தற்பெருமை ஒரு மரபு. "என்னைவிடச் சிறந்தவன் யார்?" என்று மார்தட்டுவது அதன் இலக்கணம் என்றே சொல்லலாம். இப்படி ஒரு மணி நேரம் ஒருவர் தம்மைத்தாமே புகழ்ந்துகொண்டால் கேட்பவர் கதி என்னாவது? இங்கேதான் ஸ்கிட் கைகொடுக்கிறது. பாட்டில் அரசனாக வீற்றிருப்பவர், அடுத்த நிமிடம் ஸ்கிட்டில் அசடு வழிந்து நிற்பார்.

இதற்கு வழி திறந்தவர்கள் என்று பலரும் குறிப்பிடுவது டி லா சோல் குழுவினரை. நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டின் அமிட்டிவில் ஊரைச் சேர்ந்த மூன்று இளைஞர்கள். அவர்களில் ஒருவர் தமக்குச் சூட்டிக்கொண்ட புனைபெயர் 'ட்ருகாய்'. தயிரைக் குறிக்கும் 'யோகர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்களைக் கடைசியிலிருந்து படித்தால் இந்தப் பெயர் வரும்! 1989-இல், தயாரிப்பாளர் பிரின்ஸ் பாலுடன் சேர்ந்து '3 ஃபீட் ஹை அண்ட் ரைசிங்' என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். அதன் பாட்டுகளுக்கு நடுநடுவே ஒரு வினாடிவினா நிகழ்ச்சி ஓடுகிறது. போட்டியாளர்கள் அவர்களேதான். கேள்விகளோ, ஒரு கோழிக்கு எத்தனை இறகு, பேட்மேனின் கார் சக்கரம் எத்தனை முறை காற்று இறங்கியது என்ற ரகம். யாரால் விடை சொல்ல முடியும்? நட்சத்திரங்கள் திருதிருவென்று விழிக்கிறார்கள். நாம் சிரிக்கிறோம். சிரித்துக்கொண்டே அடுத்த பாட்டுக்குள் நுழைந்துவிடுகிறோம். தனித்தனிப் பாட்டுகளை ஒரே நூலில் கோத்துத் தந்தது இந்த அசட்டு வினாடிவினாதான்.

இதே தொகுப்பில் இருந்த இன்னொரு சிறு வேடிக்கை வழக்குமன்றம் வரை போயிற்று. பிரெஞ்சு மொழி கற்பிக்கும் பழைய இசைத்தட்டு ஒன்றின் குரலை எடுத்து, பின்னணியில் 'தி டர்ட்டில்ஸ்' குழுவின் 1960-களைச் சேர்ந்த ஒரு பாட்டின் இசைத் துண்டை ஓடவிட்டிருந்தார்கள். மொத்தம் ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவே. அனுமதி பெறவில்லை என்று டர்ட்டில்ஸ் உறுப்பினர்கள் வழக்குத் தொடுத்தார்கள். பின்னர் வழக்கு சமரசத்தில் முடிந்தது. பிறர் இசையிலிருந்து ஒரு துணுக்கு எடுத்தாலும் எழுத்துமூலம் அனுமதி பெறவேண்டும் என்ற எச்சரிக்கை இசையுலகெங்கும் பரவியதற்கு இவ்வழக்கும் ஒரு காரணம். பிற்காலத்தில் இணையவழிப் பாட்டு விற்பனை வந்தபோது, பழைய ஒப்பந்தங்கள் அதற்குப் பொருந்துமா என்ற சிக்கலால் இக்குழுவின் முதற் தொகுப்புகள் பல்லாண்டுகள் அங்கே இடம்பெறவே இல்லை. 2023 மார்ச்சில்தான் வழி பிறந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன், பிப்ரவரியில், ட்ருகாய் என்ற டேவிட் ஜாலிகோர் காலமாகிவிட்டார். தம் குறும்பு புதிய தலைமுறையின் காதுக்குப் போய்ச் சேர்ந்ததை அவர் பார்க்கவில்லை.

1991-இல் வந்த அடுத்த தொகுப்புக்கு அவர்கள் வைத்த பெயர், 'டி லா சோல் இறந்துவிட்டது' என்று பொருள்படும். அட்டையில் உடைந்த பூந்தொட்டி. முதற் தொகுப்புக்குப் பின் எல்லோரும் தங்களைப் பூச்செண்டுப் பிள்ளைகள் என்று அழைத்தது அவர்களுக்கு அலுத்துப்போயிருந்தது. குழந்தைகளுக்கான கதை இசைத்தட்டுகளில் மணி ஒலித்தால் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்ப வேண்டும் அல்லவா? அதே பாணியில் இது தொடங்குகிறது. ஒரு சிறுவன் குப்பைத்தொட்டியில் ஓர் ஒலிநாடாவைக் கண்டெடுக்கிறான். அது டி லா சோலின் நாடா! முரட்டுப் பையன்கள் சிலர் அதைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு பாட்டாகக் கேட்டு, "இதுவும் ஒரு பாட்டா?" என்ற தோரணையில் பழிக்கிறார்கள். கடைசியில் நாடா குப்பைக்கே திரும்புகிறது. தம் படைப்பைத் தாமே குப்பையில் போட்டுக்காட்ட எவ்வளவு துணிச்சல் வேண்டும்! எனக்குத் தெரிந்தவரை ஸ்கிட்களில் இதற்கே முதலிடம்.

நம் பள்ளியின் வாசனை வீசுவது லாரின் ஹில்லின் 1998-ஆம் ஆண்டுத் தொகுப்பில்தான். மணி அடிக்கிறது. ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களை வாசிக்கிறார். மாணவர்கள் ஒவ்வொருவராகக் குரல் கொடுக்கிறார்கள். "லாரின் ஹில்" என்று அழைக்கிறார். பதில் இல்லை. மீண்டும் அழைக்கிறார். இல்லை! தொகுப்பின் நாயகியே வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டாள். பின்னர் வகுப்பில் அன்பு என்றால் என்ன என்று பேச்சு எழுகிறது. பிள்ளைகள் வெட்கப்பட்டும் சண்டையிட்டும் சிரித்தும் சொல்லும் பதில்கள் எழுதிவைத்துப் படித்தவை அல்ல. ஹில்லின் வீட்டு வரவேற்பறையில் பிள்ளைகளை உட்காரவைத்து, இயல்பாகப் பேசவிட்டுப் பதிவு செய்தவை. ஆசிரியராகப் பேசியவர் ராஸ் பராக்கா. வேடம் மட்டுமல்ல, அப்போது அவர் உண்மையிலேயே ஆசிரியர். பின்னாளில் தலைமையாசிரியராகி, 2014-இல் நியூவார்க் நகரின் மேயராகவும் பொறுப்பேற்றார். இத்தொகுப்புக்கு 1999-இல் ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி விருது கிடைத்தது.

எமினெமின் தொகுப்புகளில் அவருடைய மேலாளர் பால் ரோசன்பர்க் தொலைபேசியில் விட்ட புலம்பல் செய்திகள் வரும். கான்யே வெஸ்டின் 2005-ஆம் ஆண்டுத் தொகுப்பில், கையில் காசில்லை என்பதையே பெருமையாகக் கொண்டாடும் ஒரு கல்லூரிச் சங்கம் வரும். இரகசியமாகக் கொஞ்சம் சம்பாதித்த குற்றத்துக்காக நாயகன் அதிலிருந்து விலக்கப்படுகிறான். (பின்னாளில் வெஸ்ட் பேசிய வெறுப்புப் பேச்சுகள் அந்தச் சிரிப்பையும் கசக்கவைத்துவிட்டன.)

வேடிக்கையும் வேதனையும் ஒன்றாய்க் கலந்தது கெண்ட்ரிக் லாமரின் 2012-ஆம் ஆண்டுத் தொகுப்பில். கலிபோர்னியாவின் காம்ப்டன் நகரத்துப் பையன், தாயின் வேனை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். தாய் தொலைபேசியில் செய்தி விடுகிறாள். எனக்கு வண்டி வேண்டும், எங்கே போய்த் தொலைந்தாய் என்று திட்டு. இடையில் தந்தை புகுந்து தம் டோமினோ கட்டைகளைக் காணோம் என்று கத்துகிறார். எந்த வீட்டில்தான் இது நடப்பதில்லை? ஆனால் அந்தப் பையன் போயிருக்கும் தெருவில் துப்பாக்கி வெடிக்கும். ஒரு நண்பன் சாவான். தொகுப்பு முடிவை நெருங்கும்போது அதே தாய், குரல் தணிந்து, திரும்பி வந்து ஊர்ப் பிள்ளைகளுக்கு உன் கதையைச் சொல் என்கிறாள். முதலில் அவள் திட்டியதைக் கேட்டுச் சிரித்தவர்களுக்கே இந்தக் குரலின் கனம் தெரியும்.

லாரின் ஹில்லும் லாமரும் செய்த ஒரு காரியத்தைக் கவனிக்கவேண்டும். ஸ்கிட்டைத் தனிப் பதிவாக வைத்தால், இக்காலத்தவர் கைப்பேசியில் விரலால் தட்டித் தாண்டிவிடுவார்கள். குறுந்தகடு வந்த காலத்தில் 74 நிமிடம் இடம் கிடைத்ததால், பலர் அதை நிரப்பவே ஸ்கிட் போட்டார்கள். அவை தாண்டப்பட்டதில் வருத்தமில்லை. இவர்கள் இருவரும் வகுப்பறையையும் தொலைபேசிச் செய்திகளையும் பெரும்பாலும் பாட்டின் வாலிலேயே ஒட்டிவைத்துவிட்டார்கள். பாட்டு வேண்டும் என்றால் பேச்சும் வந்தே தீரும்.

பாட்டுகளைச் சீட்டுக்கட்டுப்போல் கலைத்துப் போட்டுக் கேட்கும் வசதியிலிருந்து தப்ப மட்டும் அவர்களுக்கும் வழியில்லை. அப்படிக் கேட்டால் தாய் முதலில் பரிவோடு வீட்டுக்கு அழைப்பாள், அப்புறம் வேனைக் கேட்டுத் திட்டுவாள். வகுப்பில் பாடம் பாதி நடந்த பிறகு ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறப்பார்.