சரி பண்ணப் போய் இன்னும் சாய்ந்த கோபுரம்

இன்னைக்கு உலகத்திலேயே பிரபலமான ஒரு 'பக்' பத்திப் பேசப் போறோம். 850 வருஷமா ப்ரொடக்‌ஷன்ல இருக்கு. காசு கொடுத்து வந்து பார்த்துட்டுப் போறாங்க.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் 'பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரம்' என்று படித்திருப்போம். இத்தாலிக்காரங்க பீசான்னு சொல்வாங்க. கலிலியோ மேலே இருந்து குண்டு போட்டார் என்ற கதையும் கூடவே வரும். அது நடந்ததான்னு வரலாற்று ஆய்வாளர்களுக்கே சந்தேகம், அதனால விட்டுடுவோம்.

அது ஒரு பேராலயத்தின் மணிக்கோபுரம். உயரம் சுமார் 56 மீட்டர், எடை 14,500 டன். அவ்வளவு எடைக்கு அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் தெரியுமா? வெறும் 3 மீட்டர். அதுக்குக் கீழே இருப்பது ஆற்று வண்டலும் களிமண்ணும். 1173-ல் வேலை தொடங்கியது. மூணு மாடி கட்டி முடிச்ச நேரத்தில் வேலை நின்று போனது. பீசா அக்கம்பக்கத்து நகரங்களோட ஓயாமல் சண்டையில் இருந்த காலம் அது. கிட்டத்தட்ட நூறு வருஷம் கழிச்சுத்தான் திரும்பக் கை வைத்தார்கள். அந்த இடைவெளிதான் கோபுரத்தைக் காப்பாற்றியது. கீழே இருந்த களிமண் எடை தாங்கித் தாங்கி இறுகியது. நிறுத்தாமல் கட்டியிருந்தால் அப்போதே சரிந்திருக்கும் என்பது மண் பொறியாளர்களின் கணக்கு.

அடுத்து வந்தவர்கள் சாய்வை ஈடுகட்ட, தாழ்ந்த பக்கத்தில் கொஞ்சம் உயரம் கூட்டிக் கட்டினார்கள். உத்துப் பார்த்தீங்கன்னா கோபுரம் நேரா சாயலை, லேசா வாழைப்பழம் மாதிரி வளைஞ்சிருக்கும். ஒவ்வொரு தலைமுறையும் போட்ட 'பேட்ச்' கல்லிலேயே தெரியுது.

இனிமேதான் விஷயமே இருக்கு. 1838-ல் கெரார்டெஸ்கா என்ற கட்டடக் கலைஞர், மண்ணில் புதைந்துபோன அடிப்பகுதியை மக்கள் பார்க்கட்டுமேன்னு சுற்றிலும் தோண்டினார். நிலத்தடி நீர் பொங்கி வந்து, சாய்வு அதிகமானது. 1934-ல் முசோலினி ஆட்சியில் நேராக்கியே தீருவோம்னு அஸ்திவாரத்தில் 361 துளைகள் போட்டு சிமெண்ட் கலவையைச் செலுத்தினார்கள். மறுபடியும் சாய்வு அதிகமானது. ரெண்டு பேரும் நல்ல எண்ணத்தோடதான் பண்ணினாங்க.

1989 மார்ச்சில் வடக்கு இத்தாலியில் பாவியா நகரத்தின் பழைய கோபுரம் முன்னறிவிப்பே இல்லாமல் இடிந்து விழுந்து 4 பேர் இறந்துபோனார்கள். அந்தக் கோபுரம் சாயக்கூட இல்லை. அடுத்த ஜனவரியில் பீசா கோபுரத்தைப் பூட்டினார்கள். அப்போது சாய்வு 5.5 டிகிரி, வருஷா வருஷம் கூடிக்கொண்டே இருந்தது.

பேராசிரியர் யமியோல்கோவ்ஸ்கி தலைமையில் ஒரு குழு அமைந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஜான் பர்லாண்டும் அதில் ஒருவர். 1993-ல் உயர்ந்திருந்த வடக்குப் பக்கத்தில் 600 டன் ஈயக் கட்டிகளை அடுக்கினார்கள். வேலை செய்தது, சாய்வு நின்றது. ஆனா பார்க்க அசிங்கமா இருந்தது. அதனால ஈயத்துக்குப் பதிலாக, கண்ணுக்குத் தெரியாமல் தரைக்கு அடியில் கம்பிகளால் இழுத்துக் கட்டத் திட்டம் போட்டார்கள். அதற்குத் தோண்டணும், தோண்டினால் தண்ணீர் வரும். அதனால் திரவ நைட்ரஜன் விட்டு மண்ணை உறைய வைத்தார்கள். 1995 செப்டம்பரில் ஒரே இரவில், வழக்கமாக ஒரு வருஷம் முழுக்கச் சாயும் அளவுக்குக் கோபுரம் நகர்ந்தது. அவசர அவசரமா இன்னும் ஈயத்தைக் கொண்டுவந்து அடுக்க வேண்டியிருந்தது. மொத்தம் கிட்டத்தட்ட 900 டன்.

இதைப் படிச்சப்போ எனக்கு வயிறு கலங்கிடுச்சு. முதல் வேலையில் இருந்தபோது, பார்க்கவே சகிக்காத ஒரு கோட் துண்டை 'சுத்தம்' பண்றேன்னு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தூக்கிட்டேன். இன்னொரு ப்ரோக்ராம் அதை நம்பித்தான் ஓடிட்டு இருந்ததுன்னு ராத்திரி 2 மணிக்குத்தான் தெரிஞ்சது. என்னோடது ரோல்பேக் பண்ணினா சரியாகிடும். கோபுரத்துக்கு ரோல்பேக் கிடையாது.

கடைசியில் உதவியது ஒரு பழைய யோசனை. 1962-லேயே டெர்ராசினா என்ற பொறியாளர் எழுதி வைத்தது. புது வீட்டில் பீரோ ஆடினா தாழ்ந்த காலுக்கு அட்டை மடிச்சு வைப்போம், இல்லையா? இவர் தலைகீழாகச் சொன்னார். தாழ்ந்த பக்கத்தைத் தொடாதே, உயர்ந்த பக்கத்துக்கு அடியில் இருந்து கொஞ்சம் மண்ணை எடு, கோபுரம் தானா அந்தப் பக்கம் இறங்கும். 1999-ல் முதலில் சின்னதாகச் சோதித்துப் பார்த்தார்கள். பிறகு 41 சாய்வான குழாய்கள் வழியாக, பைய பைய மண்ணை எடுத்தார்கள். தினமும் அளவுகள் ஃபேக்ஸில் பர்லாண்டுக்குப் போகும். அன்றைக்கு எவ்வளவு எடுக்கலாம்னு பார்த்துச் சொல்வார். பாதுகாப்புக்கு இரும்பு வடங்களும் கட்டியிருந்தார்கள். எடுத்த மொத்த மண் 38 கன மீட்டர்தான். நம்மூர் டிப்பர் லாரியில் சில லோடுதான் வரும்!

கோபுரத்தின் உச்சி சுமார் 45 சென்டிமீட்டர் திரும்பி வந்தது, அதாவது அரை டிகிரி. கெரார்டெஸ்கா தோண்டின காலத்து நிலைமைக்குப் போயிடுச்சு. ஈயக் கட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். அதற்கு மேல் நிமிர்த்த அவர்கள் முயற்சிக்கவே இல்லை. பாதுகாப்புக்கு அரை டிகிரி போதும். நேராக நிற்கிற கோபுரம் அந்த ஊருக்கு வேண்டாம். 2001 டிசம்பர் 15-ல் மறுபடி திறந்தார்கள்.

இன்னொண்ணு சொல்லிட்டு முடிச்சுக்கறேன். அந்தப் பகுதியில் பலமான நிலநடுக்கங்கள் வந்திருக்கு, கோபுரம் அசையாமல் தப்பிச்சிருக்கு. எப்படின்னு ஆராய்ந்தவர்கள் 2018-ல் சொன்ன காரணம், அடியில் இருக்கும் அதே மென்மையான மண். உயரமும் விறைப்பும் உள்ள கோபுரம் அந்த மண்ணோடு சேரும்போது, நிலநடுக்கத்தின் அதிர்வோடு ஒத்து ஆடுவதில்லையாம்.

உங்க ஆபீஸ்ல யாரும் தொடப் பயப்படுற கோட் ஏதாவது இருந்தா எனக்கு எழுதுங்க, பேர் சொல்லாம அடுத்த எபிசோட்ல படிக்கிறேன்.