சாலையைத் துளையாது அதன் கனத்தை அறிதல்

காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறுவோர் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடத்தல் வேண்டும். வளைவுதோறும் பாரமேறிய வண்டிகளின் சக்கரங்கள் தார்ப்படலத்தைப் பக்கவாட்டில் இழுக்கின்றன. மழைநீரோ ஓரத்தை அரிக்கின்றது. இத்தகைய மலைச்சாலையில் தார் எத்துணைக் கனமுள்ளது என்று ஆராய்வது வீண்வேலையன்று. ஒப்பந்தப்படி வேலை நடந்ததா என்பதும், இனி மேலே எவ்வளவு போடவேண்டும் என்பதும் அதனாலேயே துணியப்படும்.

பழைய முறை, துளைக்கருவியால் உருளை வடிவான துண்டொன்றை அறுத்தெடுத்து அளப்பதாகும். அளவு பிழையாது, ஆயினும் ஒரு துளை தன் இடத்தின் செய்தியை மட்டுமே கூறும். செவ்வையாக அடைக்கப்படாவிடின் அத்துளையே நீர் புகும் வாயிலுமாகும்.

ரேடார் முறையில் துளை வேண்டுவதில்லை. 1929-இல் ஸ்டெர்ன் என்பார் ஆஸ்திரியாவில் ஒரு பனியாற்றின் ஆழத்தை வானொலி அலைகளைக் கொண்டு அளந்தார். சாலைக்குப் பயன்படுவதும் அவ்வினத்ததே. வல்வில் ஓரியின் ஓர் அம்பு பல விலங்குகளை ஊடுருவிற்று என்பர். இவ்வலையும் அடுக்கடுக்காய் ஊடுருவிச் செல்வதே. ஆனால் ஒவ்வோர் அடுக்கின் எல்லையிலும் தன்னில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். தாரின் மேற்பரப்பினின்றும் அடிப்பரப்பினின்றும் மீளும் அலைகளுக்கு இடைப்பட்ட காலத்தைக் கருவி குறிக்கும். அக்காலம் விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்காகிய நானோ விநாடியால் அளக்கப்படும்.

காலம் தெரிந்தால் போதாது. தாருக்குள் அலையின் வேகமும் தெரிதல் வேண்டும். இதற்கு முதலில் ஓர் உலோகத் தகட்டைத் தரையில் வைத்து, அது திருப்பும் அலையின் வலிமையைக் குறிப்பர். உலோகம் அலை முழுவதையும் திருப்பிவிடுமன்றோ? மேற்பரப்பு திருப்பும் அலையின் வலிமை அதில் 7-இல் 3 பங்காயின், தாரின் மின்காப்பு மாறிலி 6.25 ஆகும். அதன் வர்க்கமூலம் 2.5. காற்றில் நானோ விநாடிக்கு 30 சென்டிமீட்டர் செல்லும் அலை, தாரில் 12 சென்டிமீட்டரே செல்லும். போய்மீள 2 நானோ விநாடி ஆயின், கனம் 12 சென்டிமீட்டர்.

இனி இடர்ப்பாடு வருவது நீரினால். நீரின் மாறிலி ஏறக்குறைய 80. மேலே உலர்ந்து, உள்ளே ஈரம் ஊறிய தாரின் மாறிலி 9 வரை ஏறிற்றென்க. அலையின் வேகம் 10 சென்டிமீட்டராகக் குறையும். அப்பொழுது அதே 2 நானோ விநாடிக்கு உண்மைக் கனம் 10 சென்டிமீட்டரே. மேற்பரப்பை மட்டும் நம்பிக் கணக்கிடுவோனுக்கோ 12 என்றே தோன்றும். நீர் புகுந்து நலிந்த சாலை நல்ல சாலையினும் கனமுள்ளதாய்க் காட்சியளிக்கும்!

ஆதலின் மழை ஓய்ந்து சில நாள் கழிந்தபின் அளத்தல் நன்று. அன்றியும் ஒன்றிரண்டு இடங்களிலேனும் துளைத்து ஒப்புநோக்குதல் வேண்டும். மலைச்சாலையில் அவ்விடங்களை வளைவின் உட்புறத்திலும், ஓரக்கால்வாய் தூர்ந்து நீர் தேங்கும் பக்கத்திலும் தெரிந்தெடுத்தல் தகும்.