உங்களுக்குத் தெரியுமா? இரண்டே ஓவர், போச்சு இறுதிப் போட்டி!

உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் 2019 ஆகஸ்டில் தொடங்கியது. மோதுவது ஒன்பது அணிகள். இரண்டு ஆண்டு நீளும் ஒரு சுற்றில் ஒவ்வொரு அணிக்கும் சொந்த மண்ணில் மூன்று தொடர், வெளிநாட்டில் மூன்று. இப்போது வென்றால் 12 புள்ளி, டிரா என்றால் 4, சமன் ஆனால் 6. ஆனால் எல்லா அணிகளும் ஒரே எண்ணிக்கையில் டெஸ்ட் ஆடுவதில்லை. எனவே பட்டியலைத் தீர்மானிப்பது புள்ளிகளின் சதவீதம்தான். முதல் இரண்டு அணிகளுக்கே இறுதிப் போட்டி.

பந்துவீச்சில் ஆமை வேகம் காட்டினால் குறையும் ஒவ்வொரு ஓவருக்கும் ஒரு புள்ளி பறிபோகும். முதல் சுற்றில் கணக்கு வேறு: ஓவருக்கு இரண்டு புள்ளி. 2020 டிசம்பரில் மெல்போர்னில் இந்தியாவுடன் ஆடிய ஆஸ்திரேலியா இரண்டு ஓவர் பின்தங்கி 4 புள்ளிகளை இழந்தது. முடிவில் அதன் கணக்கு 69.2 சதவீதம், நியூசிலாந்துக்கு 70. அந்த நான்கும் இருந்திருந்தால் இரண்டும் சமம். ஒரு விக்கெட்டுக்கான ரன் விகிதத்தில் ஆஸ்திரேலியாவே முந்தியிருக்கும்! நியூசிலாந்தோ 2021இல் சௌத்தாம்ப்டனில் நடந்த இறுதிப் போட்டியில் இந்தியாவை வீழ்த்திக் கோப்பையையே தூக்கியது. (கோப்பை என்பது பேச்சுக்குத்தான். தருவது கதாயுதம்.) மழையால் அந்த ஆட்டம் ஆறாவது நாளான மாற்று நாள்வரை இழுத்தது.

அந்தச் சுற்றில் அதிக விக்கெட் எடுத்தவர் நம்ம சென்னைக்காரர் அஸ்வின்: 71.

அடுத்த இறுதிப் போட்டிகளில், 2023இல் ஓவலில் ஆஸ்திரேலியா, 2025இல் லார்ட்ஸில் தென்னாப்பிரிக்கா வென்றன. இறுதிப் போட்டி டிராவில் முடிந்தால்? இரு அணிகளும் கூட்டுச் சாம்பியன்கள்.