இயற்கை மருத்துவமனையில் எதை நம்பலாம்?

இயற்கை மருத்துவமனைகளில் தரப்படும் சிகிச்சைகளின் பட்டியல் நீளமானது. வயிற்றில் மண்பட்டி, இடுப்புக் குளியல், நீராவிக் குளியல், வாழையிலைக் குளியல், எனிமா, எண்ணெய் மசாஜ், அக்குபஞ்சர், யோகாசனம், சாறு உபவாசம், உப்பில்லாச் சாப்பாடு என்று போய்க்கொண்டே இருக்கும். இவை அனைத்தையும் ஒரே கூடையில் போட்டுவிட்டு, ‘இயற்கை மருத்துவத்தை நம்புகிறீர்களா, இல்லையா’ என்று கேட்கிறோம். ஒருவர் முழுதாக ஏற்கிறார், இன்னொருவர் முழுதாகத் தள்ளுகிறார். இரண்டு பேருமே தவறான இடத்தில் நின்று வாதிடுகிறார்கள். வயிற்றில் ஈரமண் வைத்தால் குளிர்ச்சியாக, இதமாக இருக்கும் என்பது ஒரு கூற்று. அது கல்லீரலைச் சுத்தப்படுத்தும் என்பது வேறொரு கூற்று. கட்டியைக் கரைக்கும் என்பது மூன்றாவது. மூன்றிலும் மண் ஒன்றுதான், சொல்லப்படும் வாக்குறுதி மட்டுமே மாறுகிறது. சோதித்துப் பார்க்க வேண்டியது அந்த வாக்குறுதியை. இப்படி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், இந்தப் பட்டியலில் சில சிகிச்சைகள் மிகுந்த மதிப்புள்ளவை என்பதும், சில பயனற்றவை என்பதும், ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

‘இது நம் முன்னோர் வழி, அவர்களுக்குத் தெரியாததா?’ என்பது முதலில் வரும் மறுப்பு. யோகாசனத்துக்கு அது பொருந்தும். ஆனால் இன்று இங்கே தரப்படும் நீர் சிகிச்சைகளில் பல 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவிலிருந்து வந்தவை. இன்றைய செக் நாட்டின் மலைப்பகுதியில் வின்சென்ஸ் பிரீஸ்னிட்ஸ், பவேரியாவில் பாதிரியார் செபாஸ்டியன் க்னைப், லைப்சிக் நகரில் லூயி கூனே ஆகியோர் வளர்த்த முறைகள் அவை. இடுப்புக் குளியலை இங்கே பரப்பியது கூனேயின் புத்தகம். மண் சிகிச்சையைக் காந்தி கற்றது அடால்ஃப் ஜூஸ்ட் என்ற ஜெர்மானியரிடமிருந்து, அதுவும் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது, புத்தகம் வழியாக. 1946இல் புனேவுக்கு அருகே உருளி காஞ்சனில் இயற்கை மருத்துவ ஆசிரமம் காந்தியால்தான் தொடங்கியது. அந்தக் காலத்து ஐரோப்பிய மருத்துவர்கள் ரத்தத்தை வடியவிட்டார்கள், பாதரசம் கொடுத்தார்கள். அதற்குப் பக்கத்தில் குளிர்ந்த நீரும் நல்ல காற்றும் எவ்வளவோ மேல். ரத்தம் வடிப்பதையும் பாதரசத்தையும் பின்னாளில் மருத்துவம் கைவிட்டது, சோதித்துப் பார்த்துத் தவறென்று கண்டதால். ஒரு சிகிச்சை எங்கே பிறந்தது, எத்தனை வயதானது என்பது அது வேலை செய்கிறதா என்பதைச் சொல்லாது. இயற்கை மருத்துவத்தை உயிராக நேசித்த காந்தியே 1924 ஜனவரியில் குடல்வால் அழற்சி வந்தபோது புனே சாசூன் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்தார். அந்த நோய்க்கு வேண்டியது கத்தி என்பதை அவர் ஏற்றுக்கொண்டார்.

இயற்கை மருத்துவத்தின் மிக வலுவான பகுதி உணவு. சர்க்கரை நோயை எடுத்துக்கொள்வோம். 2017 இறுதியில் வெளியான, ‘டைரக்ட்’ என்று அழைக்கப்படும் பிரிட்டிஷ் ஆய்வில், இரண்டாம் வகை சர்க்கரை நோய் வந்து ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகாதவர்களுக்கு, நாளுக்குச் சுமார் 850 கலோரி தரும் உணவு மூன்று முதல் ஐந்து மாதம் கொடுக்கப்பட்டது. ஓராண்டு முடிவில் அவர்களில் 46 விழுக்காட்டினர் மாத்திரை இல்லாமலேயே நோயின் அளவுக்குக் கீழே இருந்தனர். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் இது 4 விழுக்காடு. 15 கிலோவுக்கு மேல் எடை குறைந்தவர்களில் 86 விழுக்காடு. உணவால் சர்க்கரையை வெல்ல முடியும் என்று இயற்கை மருத்துவர் சொன்னால், அதை வெறும் பேச்சென்று தள்ள முடியாது. ஆனால் அந்த ஆய்வில் கொடுத்தது முளைகட்டிய பயறும் வெண்பூசணிச் சாறும் அல்ல. தொழிற்சாலையில் தயாரித்த மாவுப் பொட்டலங்களைக் கரைத்துக் குடித்தார்கள். பலன் தந்தது எடைக் குறைவு. உணவு இயற்கையானதா என்பது அங்கே கேள்வியே இல்லை. இன்னொன்றும் முக்கியம்: முதல் நாளிலேயே அவர்களின் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் நிறுத்தப்பட்டன. ஆனால் மருத்துவக் குழு தொடர்ந்து அளந்து பார்த்தது, அளவு ஏறினால் மாத்திரையைத் திரும்பக் கொடுத்தது. ரத்த அழுத்தமும் உணவுக்குக் கட்டுப்படுகிறது. பழம், காய்கறி, கொழுப்பு குறைந்த பால்பொருட்கள் நிறைந்த ‘டேஷ்’ உணவு முறை, அழுத்தம் கூடியவர்களுக்கு அதை எட்டு வாரத்துக்குள் 11 புள்ளி அளவு குறைத்ததை 1997இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. உப்பையும் குறைத்தால் இன்னும் இறங்கும். உப்பில்லாச் சாப்பாடு போடும் இயற்கை மருத்துவமனை இந்த வகையில் சரியான திசையில்தான் இருக்கிறது.

அதே உணவுக்கு எல்லை எங்கே என்பதையும் வரலாறு காட்டியிருக்கிறது. இன்சுலின் கண்டுபிடிப்பதற்கு முன்பு, முதல் வகை சர்க்கரை நோய் வந்த குழந்தைகளுக்கு அமெரிக்க மருத்துவர் ஃப்ரெடரிக் ஆலனின் பட்டினி சிகிச்சைதான் இருந்ததிலேயே சிறந்தது. மிகக் கவனமாக அளந்து கொடுத்த உணவு அது. குழந்தைகள் எலும்பும் தோலுமாகச் சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ கூடுதலாக வாழ்ந்து, பிறகு இறந்தார்கள். 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயது லெனார்ட் தாம்சனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடப்பட்டது. எடை 30 கிலோகூட இல்லாத அந்தப் பையன் அதற்குப் பிறகு 13 ஆண்டுகள் வாழ்ந்தான். ‘உணவை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் இன்சுலின் வேண்டாம்’ என்று ஒரு குழந்தையின் பெற்றோரிடம் யாராவது சொன்னால், அந்தப் பரிசோதனை முன்பே நடந்து முடிந்துவிட்டது, அதன் முடிவு தெரியும் என்றுதான் பதில் சொல்ல வேண்டும்.

அடுத்து, நேரமும் தொடுதலும். 2017இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு நோயாளிக்கு மருத்துவர் ஒதுக்கும் நேரத்தைப் பல நாடுகளில் ஒப்பிட்டது. ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கு மேல், வங்கதேசத்தில் 48 வினாடி. இந்தியா வங்கதேசத்துக்குப் பக்கத்தில், இரண்டு நிமிடமளவில் நிற்கிறது. இயற்கை மருத்துவமனையில் ஒருவர் உட்கார்ந்து தூக்கம், மலம், மனக்கவலை எல்லாவற்றையும் கேட்கிறார். அது நோயைத் தொடுமா? 2008இல் ஹார்வர்டின் டெட் கப்சுக் குழு, குடல் எரிச்சல் நோய் உள்ள 262 பேரிடம் இதைச் சோதித்தது. எதுவும் செய்யாமல் காத்திருந்தவர்களில் 28 விழுக்காட்டினருக்கு நிவாரணம் கிடைத்தது. உண்மையில் உள்ளே இறங்காத போலி அக்குபஞ்சர் ஊசி வைக்கப்பட்டவர்களில் 44. அதே போலி ஊசியோடு கனிவான பேச்சும் கூடுதல் நேரமும் பெற்றவர்களில் 62. ‘மனித உடலை ஆய்வுக்கூடத்தில் அளக்க முடியாது, இயற்கை மருத்துவம் அளவீட்டுக்கு அப்பாற்பட்டது’ என்பவர்களுக்கு இதுவே பதில். கனிவைக்கூட அளக்க முடிந்திருக்கிறது, அளந்தபோது அது வென்றும் இருக்கிறது. முதுகுவலிக்கு மாத்திரைக்கு முன்னால் சூடு ஒத்தடம், மசாஜ், நாள்பட்டதென்றால் உடற்பயிற்சி, யோகா, அக்குபஞ்சர் ஆகியவற்றை முயன்று பாருங்கள் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2017இல் வழிகாட்டியது. சான்று மிக உறுதியானதல்ல. ஆனால் வலி மாத்திரை குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடும் என்பதால், இந்த வரிசை நியாயமானது.

இதற்கு நேர்மாறானது ‘நச்சு நீக்கம்’. எனிமா மலச்சிக்கலை உடனே தீர்க்கும், மறுப்பில்லை. வாழையிலையைச் சுற்றி வெயிலில் படுத்தால் வியர்வை கொட்டும், எடை இயந்திரத்தில் ஒரு கிலோ குறையும். அது தண்ணீர், இரண்டு சொம்பு குடித்தால் திரும்பிவிடும். உடலில் இருந்து எந்த நச்சு, எவ்வளவு வெளியேறியது என்ற கேள்விக்கு மட்டும் பதில் வருவதில்லை. உண்மையான கழிவுக்குப் பெயர் உண்டு: யூரியா, கிரியாட்டினின், பிலிரூபின். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு யூரியாவையும் கிரியாட்டினினையும் வெளியேற்ற வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரமளவு டயாலிசிஸ் தேவைப்படுகிறது. வியர்வையால் அது முடியுமென்றால் டயாலிசிஸ் பிரிவுகளே தேவைப்பட்டிருக்காது.

‘பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே’ என்பதும் சரியல்ல. 2013இல் கேரளத்திலிருந்து வெளிவந்த மருத்துவ அறிக்கை ஒன்று, கொழுப்பைக் குறைக்க இரும்பன்புளிக் காயின் சாற்றைக் குடித்த பத்துப் பேருக்குச் சிறுநீரகம் திடீரெனப் பழுதானதைப் பதிவு செய்தது. காயிலுள்ள ஆக்சலேட் சிறுநீரகத்தில் படிகமாகப் படிந்துவிட்டது. பலருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. இளநீரில் பொட்டாசியம் நிறைய. நல்ல சிறுநீரகத்துக்கு அது பிரச்சினையே இல்லை, பழுதான சிறுநீரகத்துக்கோ இதயத் துடிப்பையே குலைக்கக்கூடியது. கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு சாறு உபவாசத்தில் உட்கார்ந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். ஆகவே, உணவு சிகிச்சை எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ, அவ்வளவுக்கு மாத்திரை எழுதிய மருத்துவரின் துணையும் தேவைப்படுகிறது.

மிகக் கடினமான இடம் புற்றுநோய். உடலில் பரவாத மார்பக, புராஸ்டேட், நுரையீரல், பெருங்குடல் புற்றுநோய்க்கு வழக்கமான சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்தெடுத்த 281 பேரை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2018இல் வெளியிட்டனர். அவர்களின் மரண அபாயம் மற்றவர்களைவிட இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் ஐந்தரை மடங்குக்கும் மேல். அதே ஆண்டில் வந்த இன்னோர் ஆய்வு, இரண்டையும் சேர்த்துச் செய்துகொண்டவர்களைப் பார்த்தது. அவர்களுக்கும் அபாயம் இரு மடங்கு. யோகாவோ மூலிகையோ கொன்றதாக அதற்குப் பொருளில்லை. அவர்களில் பலர் அறுவை சிகிச்சையையோ கீமோவையோ கதிர்வீச்சையோ மறுத்ததே காரணம். தனியார் மருத்துவமனைகள் காசு பிடுங்குகின்றன, தேவையில்லாத பரிசோதனை எழுதுகின்றன என்ற கோபத்தில் நியாயம் இருக்கிறது. அந்தக் கோபம் மருத்துவமனையின் கட்டணத்தைக் கேள்வி கேட்க வேண்டும். அதற்குத் தண்டனையாக நோயாளி தன் சிகிச்சையை விட்டுவிடுவது எந்த வகையில் நியாயம்?

இவற்றைப் பிரித்துப் பார்க்கத் தமிழ்நாட்டில் நல்ல வாய்ப்பு இருக்கிறது. சென்னை அரும்பாக்கத்தில் 2000ஆம் ஆண்டிலிருந்து அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. ஐந்தரை ஆண்டுப் படிப்பு, உடற்கூறியலும் நோயியலும் சேர்ந்தது. அப்படிப் படித்தவரும், சில வாரச் சான்றிதழோடு கடை விரித்தவரும் ஒரே ‘டாக்டர்’ பலகையை மாட்டிக்கொள்ள முடிகிறது என்பதுதான் வருத்தம். சித்தா, ஆயுர்வேதம், யுனானியை ஒழுங்குபடுத்த 2020இல் வந்த தேசிய ஆணையச் சட்டத்துக்குள் இயற்கை மருத்துவம் சேர்க்கப்படவில்லை. அந்த ஓட்டையை அடைத்தால் நேர்மையான இயற்கை மருத்துவர்களுக்கே முதல் நன்மை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயங்கும் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவுகள் இன்னொரு வழியைத் திறக்கின்றன. உணவு மாற்றத்தை எழுதுபவரும் மாத்திரை எழுதுபவரும் அங்கே ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். நோயாளியின் ஒரே ஓ.பி. சீட்டில் இருவரும் எழுத வேண்டும்: வந்த நாளில் சர்க்கரை, அழுத்தம், கிரியாட்டினின், எடை எவ்வளவு, மூன்று மாதத்தில் எவ்வளவு, எந்த மாத்திரை யாருடைய சம்மதத்தோடு குறைந்தது. தனியார் இயற்கை மருத்துவமனைக்குப் போகிறவர்களும் இதே கணக்கை முதல் நாளே கேட்டு வாங்கலாம்.